பாடம் ஒப்பிக்கிறான், வாசிக்கச் சொன்னால் திணறுகிறான்

மூன்றாவது படிக்கும் மகன் பாடத்தை மடமடவென்று ஒப்பிக்கிறான், புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறான், இது சோம்பலா குறைபாடா என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பலாக எனக்குப் படவில்லை. என் மகனும் இப்படித்தான் இருந்தான். நாங்கள் பள்ளத்தூர். அவன் இப்போது ஏழாவது படிக்கிறான்.

இரண்டாம் வகுப்பு முடியும்வரை எங்களுக்குத் தெரியவே இல்லை. அவனுக்குக் காது அவ்வளவு கூர்மை. அப்பத்தாவோடு காரைக்குடி கம்பன் விழாவுக்குப் போய்வந்தால், கேட்ட பாட்டில் நாலு வரியாவது மறுநாள் சொல்வான். பாடமும் அப்படித்தான், டீச்சர் இரண்டு முறை வாசித்தால் போதும். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். வாய் காக்கா கதையைப் பிசகாமல் சொல்கிறது, விரல் இரண்டு வரி தள்ளி நிற்கிறது. வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா, இது எந்தப் பாடம்?" என்றான். எந்தப் பாடம் என்று தெரிந்தால் ஒப்பித்துவிடலாம் அல்லவா? அதுவரை அவனைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால் பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். கடைப் பை, பஸ் போர்டு, அவன் பார்த்திராத கதைப் புத்தகம் என்று கொடுங்கள். படம் இருந்தால் கையால் மூடிக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா, வரி தவறுகிறானா, வாசிக்கச் சொல்லும் நாளில் மட்டும் வயிற்று வலி வருகிறதா என்று பாருங்கள்.

தமிழ் எழுத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிக்கல் உண்டு. 'கொ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ 'க்'குக்குப் பின்னால் வருகிறது. கால் வேறு அந்தப் பக்கம் நிற்கிறது. என் மகன் காலை விட்டுவிட்டுக் 'கொக்கு'வைக் 'கெக்கு' என்பான். ஒரே 'க' கல்லில் ஒருமாதிரி ஒலிக்கிறது, தங்கத்தில் வேறுமாதிரி. ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் இதில் தடுமாறும். பழக்கியும் மூன்றாவதிலும் தொடர்ந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் வரும் இந்தக் குறைபாட்டுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1896லேயே இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடம் முழுக்க வாய்வழியாக இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். படித்தபோது என் மகனைப் பற்றிச் சொன்னது போலவே இருந்தது. குடும்பத்தில் தொடர்ந்தும் வரும். எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பாவை, படிப்பு ஏறவில்லை என்று எட்டாவதோடு கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். இப்போதுதான் காரணம் புரிகிறது.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்கக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் முதலில் ஒரு டீச்சர் நூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொன்னார். பிள்ளைக்குக் கை வலித்ததுதான் மிச்சம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாட்டு வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்லெக்சியா அதில் அடங்கும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள்.

வீட்டில் நாங்கள் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. தாம்பாளத்தில் அரிசி பரப்பி, 'க்' என்று சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவான். பிறகு 'ஒ', பிறகு இரண்டையும் சேர்த்து 'கொ'. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து, 15 நிமிடம், அதற்கு மேல் இல்லை. வாசிக்கும்போது கீழ் வரிகளை அட்டையால் மறைத்துக்கொள்வோம். சமூக அறிவியல், அறிவியல் எல்லாம் நானோ அப்பத்தாவோ வாசித்துக் காட்டுவோம். எழுத்து வரும்வரை பாட அறிவு ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் பஸ் போர்டை யாரையும் கேட்காமல் பார்த்து ஏறுகிறான்.

சிறப்பாசிரியரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் நோட்டு போடுங்கள். புத்தகத்தில் இருந்த சொல் ஒரு பக்கம், அவன் வாசித்த சொல் மறுபக்கம். எங்களிடம் அவர் முதலில் கேட்டது அதைத்தான்.