நடப்பது நடக்கட்டும் என்றா பாடினாள்?

அன்புள்ள ஐயா,

என் அம்மா அடுப்படியில் எப்போதும் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். போன வாரம் என் மகள் 'கே செரா செரா' என்ற ஆங்கிலப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதே மெட்டு! யாரிடமிருந்து யார் எடுத்தது? இன்னொன்றும் கேட்க வேண்டும். 'நடப்பது நடக்கும்' என்று கையை விரிக்கிற பாட்டை நம்பிக்கைப் பாட்டு என்கிறார்களே, அது எப்படி?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

மெட்டு அங்கிருந்துதான் இங்கே வந்தது. ஹிட்ச்காக் இயக்கிய 'தி மேன் ஹூ நியூ டூ மச்' என்ற ஆங்கிலப் படத்தில்தான் 'கே செரா செரா' முதலில் வந்தது. படம் 1956இல் வெளியானது. பாட்டை எழுதி மெட்டமைத்தவர்கள் ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும். பாடியவர் டோரிஸ் டே. அடுத்த வருடமே மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆரவல்லி'யில், ஜி. ராமநாதன் இசையில், ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும் அதைப் பாடிவிட்டார்கள். இணையம் இல்லாத காலத்து வேகம்!

'கே செரா செரா', அதாவது 'நடப்பது நடக்கும்' என்ற அந்த வாசகம் பாட்டை விட மிகப் பழையது. 1954இல் வந்த ஒரு படத்தில், இத்தாலியப் பிரபு ஒருவரின் மாளிகைக் கல்லில் அது பொறிக்கப்பட்டிருப்பதை லிவிங்ஸ்டன் பார்த்தார். குறித்துவைத்துக்கொண்டார். பிறகு இத்தாலிய 'கே'யை (Che) ஸ்பானிய எழுத்துக்கு (Que) மாற்றினார்கள். ஸ்பானியர் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள், இலக்கணப்படி பிழை. அதனால் பாட்டுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆஸ்கரே கிடைத்தது.

உங்கள் எரிச்சலும் பழையதுதான். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் நாடகத்தில் டாக்டர் ஃபாஸ்டஸ் இதே வாசகத்தைச் சொல்லி, இதெல்லாம் ஒரு சித்தாந்தமா என்று இறையியலுக்கே கும்பிடு போடுகிறான். டோரிஸ் டேவுக்கும் முதலில் இந்தப் பாட்டு பிடிக்கவில்லை. குழந்தைப் பாட்டு என்று நினைத்தார். கடைசியில் 1968இல் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சித் தொடருக்கு அதுவே முகப்புப் பாட்டு!

ஆனால் ஹிட்ச்காக் படத்தில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் தடவை மொராக்கோ விடுதி அறையில், தாயும் மகனும் விளையாட்டாகப் பாடுகிறார்கள். அப்புறம் மகனைக் கடத்திவிடுகிறார்கள். லண்டனில் ஒரு தூதரகத்தின் மாடியில் பையன் அடைபட்டிருக்கிறான். கீழே கூடத்தில் விருந்து. தாய் முன்னாள் பாடகி என்பதால் பாடச் சொல்கிறார்கள். பியானோ முன்னால் உட்கார்ந்து அதே பாட்டை எடுக்கிறாள், விருந்துக்குச் சற்றும் பொருந்தாத உரத்த குரலில். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குரல் படிப்படியாக மாடி ஏறிப்போகிறது. மேலே பையன் காதில் விழுகிறது, சீட்டியடித்துப் பதில் சொல்கிறான். அந்தச் சீட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா மாடிக்கு ஓடுகிறார்.

வாய் 'நடப்பது நடக்கும்' என்கிறது. அவள் செய்கிற காரியம் அதற்கு நேர் எதிர். விதி என்று விட்டிருந்தால் அந்த அம்மாள் கைதட்டு வாங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பாள். எனக்கு இது நம்பிக்கைப் பாட்டாகப்படுவது இந்தக் காட்சியால்தான். தனியாகக் கேட்டால், உங்கள் புகார் நியாயம். இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. பல்லவியோடு 'வெம்ப்ளிக்குப் போகிறோம்' என்று, கோப்பை இறுதிப் போட்டி நடக்கும் லண்டன் மைதானத்தின் பெயரைச் சேர்த்துக் கத்துவார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மவர்கள் மெட்டை எடுத்தார்கள், அம்மாவின் பதிலை எடுக்கவில்லை. ஆங்கிலத்தில், நாளை நான் என்ன ஆவேன் என்று கேட்கிற சிறுமியிடம் எதிர்காலம் நம் கண்ணுக்குத் தெரியாது என்கிறாள் அம்மா. தமிழ்ச் சிறுமி கேட்பதே வேறு: எண்ணம்போல் வாழ்வு ஈடேறுமா என்கிறாள். தமிழ் அம்மா சற்றும் யோசிக்காமல், எண்ணம்போலவே வாழ்ந்து இன்பம் காணலாம் என்று சொல்லிவிடுகிறாள். உங்கள் அம்மா முணுமுணுத்தது அந்தப் பதிலைத்தான்.

மகளுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். ஜிக்கியை முதலில் போடுங்கள்.