மும்பையின் மித்தி ஆற்றில் சேரும் ஒரு நாலாவின் (கழிவுநீரும் மழைநீரும் ஓடும் பெரிய கால்வாயின்) ஓரத்தில் குடியிருப்பவர்கள் தாங்களே வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு செய்துகொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். குர்லா பக்கம் மித்தியில் சேரும் ஒரு நாலாவின் ஓரத்தில் இருநூறு குடும்பங்கள் இருப்பதாகவும், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி நீர்மட்டத்தை அளக்கும் ‘சென்சார்’ வாங்கலாமா என்று சங்கத்தில் பேச்சு நடப்பதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் தாராவியில், அதே மித்தி மாஹிம் காடியாக (கடல் கழியாக) அகலும் இடத்துக்கு அருகில் வசிப்பவன். மழைக்காலத்தில் எங்கள் சந்தின் கண்காணிப்புக் குழுவிலும் இருக்கிறேன். என் ஆலோசனை, திரட்டிய பணத்தை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள் என்பதுதான். முதலில் உங்கள் பகுதியிலேயே மிகத் தாழ்வான வீடு எது என்று பாருங்கள். அங்கே படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியையும் கைக்குழந்தையையும் சேர்த்து எல்லோரும் மேட்டுக்கு வந்துசேர எத்தனை நிமிடம் வேண்டும் என்று ஒருமுறை நடந்தே கணக்கிடுங்கள். எந்த மட்டத்தில் மணி அடிப்பது, யார் அடிப்பது, என்ன கருவி வாங்குவது என்ற மற்ற முடிவுகளையெல்லாம் அந்த நிமிடக் கணக்கிலிருந்து பின்னோக்கி எடுக்க வேண்டும்.

அரசு எச்சரிக்கை இருக்கும்போது இது எதற்கு என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். அரசு எச்சரிக்கை கட்டாயம் தேவை. வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு அறிவிப்புகள் வருகின்றன. 2020 ஜூனில், மத்தியப் புவி அறிவியல் அமைச்சகமும் மும்பை மாநகராட்சியும் இணைந்து ‘ஐஃப்ளோஸ்-மும்பை’ என்னும் வெள்ள முன்னறிவிப்பு அமைப்பைத் தொடங்கின. ஆனால் அவை நகரத்தையும் வார்டையும் பார்த்துப் பேசுபவை. 2005 ஜூலை 26 அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பதிவானபோது, அதே நகரத்தின் தெற்கு முனையான கொலாபாவில் பதிவானது சுமார் 73 மி.மீ. மட்டுமே. இத்தனை வேறுபாடு ஒரே நகரத்துக்குள் இருக்கும்போது, உங்கள் நாலாவில் இந்த நிமிடம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை அங்கே நிற்பவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலை எங்கே வைப்பது என்பதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். பாலத்தின் தூணிலோ நாலாவின் பக்கச் சுவரிலோ பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகப் பெயின்ட் அடித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தால் போதும். ஆனால் கோட்டின் பூஜ்யத்தை நாலாவின் தரையிலிருந்து தொடங்காதீர்கள். சகதியும் குப்பையும் சேர்ந்து தரை வருடா வருடம் மேலே வருகிறது, மே மாதத்தில் நாலா சஃபாயி (தூர்வாரும் பணி) நடந்தால் திடீரென்று கீழே போகிறது. எனவே, முன்பு சொன்ன அந்த மிகத் தாழ்வான வீட்டின் வாசற்படியையே பூஜ்யமாகக் கொண்டு, அதிலிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கள். வாசற்படியின் மட்டத்தைத் தூணுக்குக் கொண்டுவருவதற்குப் பொறியாளர் தேவையில்லை. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபின் இரு முனைகளையும் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதுவே போதும். அப்போது ‘சிவப்புக்கு வந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், வாசலுக்கு இன்னும் எத்தனை சாண் இருக்கிறது என்று எல்லோருக்கும் உடனே விளங்கும்.

நாலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் போதாது என்பதைப் பழைய சால்களில் (வரிசை வீட்டுக் குடியிருப்புகளில்) இருப்பவர்கள் அறிவார்கள். தண்ணீர் சந்துக்குள் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் மோரியின் (கழுவுமிடத்து வடிகுழியின்) வழியாக எதிர்த்து வரும். முதலில் குழியில் குமிழி விடும், பிறகு கருப்பாகக் கசியும். அந்த நேரத்தில் வாசலில் பார்த்தால் மழைத்தண்ணீர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் சந்தில் எந்த வீட்டு மோரி முதலில் குமிழி விடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு அக்கா குழுவுக்கு அனுப்பும் ஒரு வரிச் செய்தியைத்தான் நாங்கள் முதல் அறிகுறியாக வைத்திருக்கிறோம்.

அடுத்தது கடல். மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையை, அதுவும் கடல் இறங்கியிருக்கும் நேரத்தில், கடத்துவதற்காகக் கட்டப்பட்டவை. 1993-ல் தரப்பட்ட ‘பிரிம்ஸ்டோவாட்’ என்னும் மழைநீர் வடிகால் திட்ட அறிக்கை அதை 50 மி.மீ. ஆக உயர்த்தச் சொன்னது. வடிகால்களின் வாய்களில் பெரும்பாலானவை ஹை டைட் (கடல் ஏற்றம்) மட்டத்துக்குக் கீழே இருப்பதால், கடல் ஏறும்போது தண்ணீர் போவதற்கு இடமில்லாமல் நின்றுவிடுகிறது. ஹை டைட் சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நான்கரை மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களின் பட்டியலை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே வெளியிடுகிறது. அதை அச்சிட்டு, சங்க அலுவலகத்திலும் மளிகைக் கடையிலும் ஒட்டிவையுங்கள். நாலாவில் தண்ணீர் மஞ்சள் கோட்டில் நிற்கிறது என்ற ஒரே செய்திக்கு இரண்டு பொருள் உண்டு: ஹை டைட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தால் அதைச் சிவப்பாகவே கருதி ஆட்களை நகர்த்தத் தொடங்க வேண்டும், கடல் இறங்கத் தொடங்கிவிட்டிருந்தால் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். சந்தின் அளவிலேயே செய்யக்கூடிய இந்தச் சிறு திருத்தத்துக்கு விலை உயர்ந்த எந்தக் கருவியும் ஈடாகாது என்பது என் கருத்து.

மேல்பக்கத்துச் செய்தியும் வேண்டும். மித்தி ஆறு விஹார், பவாய் ஆகிய இரண்டு ஏரிகளின் உபரி நீரில் தொடங்கிச் சுமார் 18 கி.மீ. ஓடிக் கடலில் சேருகிறது. விஹார் ஏரி நிரம்பி வழியத் தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பு வந்த நாளிலிருந்து உங்கள் மஞ்சள் கோட்டை ஒரு படி கீழே இறக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு பெய்யும் கனமழையைத் தாங்கிக்கொள்ள ஏரியில் இடம் இருக்காது. பவாய், மரோல் பக்கங்களில் ஆற்றோரம் வசிப்பவர் ஒருவரோடு தொலைபேசிப் பழக்கம் ஏற்படுத்திக்கொள்வதும் நல்லது. அஸ்ஸாமின் ஜியாதல், சிங்கோரா ஆறுகளில் இசிமோட் என்னும் ஆய்வு மையம் உள்ளூர் மக்களோடு சேர்ந்து நடத்திய திட்டத்தின் சாரமே இதுதான்: மேல்பக்கத்தில் ஆற்றோர வீட்டில் இருக்கும் ஒருவர், கருவி ஒலித்ததும் கீழ்ப்பக்கத்து ஊர்களுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அந்தத் திட்டத்துக்கு 2014-ல் ஐ.நா. காலநிலை அமைப்பின் விருது கிடைத்தது.

இனிச் சென்சார். பாலத்தின் அடியில் தொங்கவிட்டு, ஒலி அலையை நீர்ப்பரப்பில் மோதவிட்டு உயரத்தை அளக்கும் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. நம் நாலாக்களில் மிதந்து வரும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் மூட்டைகளும் அதை ஏமாற்றும். தொடர்ந்து எடுத்த பல அளவுகளின் நடுமதிப்பை அனுப்பும் கருவியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். வேறொரு குடியிருப்பில் மே மாதம் பொருத்திய கருவி ஜூலையில் ஊமையாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது, சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்வது யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. மழை வலுக்கும் நேரத்தில் மின்சாரமும் செல்போன் டவரும் போய்விடக்கூடும் என்பதால், கருவி இருந்தாலும் டார்ச் லைட்டோடு கோட்டைப் பார்த்துவரும் இரவு முறைப் பட்டியல் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அந்த முறை எப்போதும் இருவருக்கு; தனியாக ஒருவரை நாலாவின் ஓரத்துக்கு அனுப்பாதீர்கள்.

செய்தியைப் பரப்பும் பொறுப்பை எத்தனை பேரிடம் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் தடுமாறுகின்றன. 2005 வெள்ளத்துக்கு இரண்டு நாள் கழித்து, ஜூலை 28 அன்று, ஜுஹுவின் நேரு நகர் குடிசைப் பகுதியில் அணை உடைந்துவிட்டது, சுனாமி வருகிறது என்று கிளம்பிய வதந்தியால் ஏற்பட்ட நெரிசலில் குழந்தைகள் உட்படப் பலர் இறந்தார்கள். எனவே அறிவிக்கும் உரிமை மூன்று பேருக்கு மட்டும் இருக்கட்டும். அதில் ஒருவராவது பகலிலும் வீட்டில் இருக்கும் பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் வேலைக்குப் போகும் ஆண்கள் அந்நேரம் லோக்கல் ரயிலில் நடுவழியில் நின்றுகொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது. தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவுக்குக் கோயிலின் ஒலிபெருக்கியையும் மசூதியின் ஒலிபெருக்கியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு என்றாலும், 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொது அவசர நிலைக்கு விலக்கு அளிக்கின்றன; காவல் நிலையத்தில் முன்பே ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது. சிவப்பு அறிவித்ததும் முதலில் செய்ய வேண்டியது தரைத்தள மீட்டர்களின் மெயின் சுவிட்சை அணைப்பது. அதற்கென்று தனியாக ஒருவர் இருக்க வேண்டும். நீரில் மூழ்குவதைப் போலவே மின்சாரத்துக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது.

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. ஆகவே மார்ச் மாதத்திலேயே வார்டு அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள்: தூணில் கோடு போட அனுமதி, நாலா சஃபாயியின் தேதி, வெள்ளத்தின்போது தங்குவதற்குத் திறக்கப்படும் மாநகராட்சிப் பள்ளியின் பெயர், இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்ற விவரம் ஆகிய நான்கையும் கேளுங்கள். மாநகராட்சியின் பேரிடர் உதவி எண்ணான 1916-க்கு உங்கள் குழு எந்த மட்டத்தில் அழைக்கும் என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். சாவி யாரிடம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரத் தாமதமாகும். நேரில் போய் நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.