வார்டு டூட்டி: ஊசிக்குத்து, இன்சுலின், ஆள் பற்றாக்குறை – இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள்

நைட் டூட்டி, மதுரை: அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு, நோயாளிக்குப் போட்ட ஊசி நம்ம கைல குத்திடுச்சுன்னா, காலைல இன்சார்ஜ் வந்ததும் சொன்னா போதுமா?

போதாது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், பிளீச்சிங் வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். அப்போதே டூட்டி டாக்டரை எழுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் டோஸ் 2 மணி நேரத்துக்குள் போனால் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி., தினமும் ஒரு வேளை, 28 நாள். குமட்டுகிறது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். நோயாளி ரத்தம், உங்கள் ரத்தம் இரண்டுக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பார்க்க வேண்டும்.

பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் போட்டாயிற்று என்பார்கள். போட்டது வேறு, பிடித்தது வேறு. மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருளின் அளவு) பாருங்கள், 10 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சி-க்குத் தடுப்பு மருந்து கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள்.

முதல் வருட ஸ்டாஃப்: இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி எல்லாம் ஒன்றுதானே மேடம்?

இல்லவே இல்லை. சிவப்பு மூடி, மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பிக்கு. ஆரஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி.; உள்ளே போவது 25 யூனிட். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் 10-க்கு 4 தான் போகும். பெரும்பாலும் எங்கே தப்பும் தெரியுமா? குப்பி தீர்ந்துபோய், பேனா கார்ட்ரிட்ஜில் குத்தி இழுக்கும்போது. கார்ட்ரிட்ஜ் 100 யூனிட், கையில் இருப்பது சிவப்பு மூடி. ஃப்ரிட்ஜில் இரண்டுக்கும் தனித்தனித் தட்டு வையுங்கள். போடும் முன் லேபிளை இன்னொருவர் காதில் விழப் படியுங்கள்.

கோவை, ஆண் செவிலியர்: பிதுக்கினால் கிருமி ரத்தத்தோடு வெளியேறும். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

எனக்கும் சிலர் சொன்னதுண்டு. பிதுக்கினால் தொற்று குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தசைதான் நசுங்கும்.

அவரே: சரி. மூடி போடாதே என்கிறீர்கள். 36 படுக்கைக்கு ஹப் கட்டர் (ஊசியை வெட்டிப் போடும் கருவி) ஒன்று, அதுவும் கோடியில். திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்கவா?

இது நியாயமான சண்டை. நடக்கக் கூடாது, கட்டர் உங்களோடு வர வேண்டும். கையால் அழுத்தும் சின்ன கட்டரையும், குத்தினால் துளைக்காத வெள்ளை டப்பாவையும் ட்ராலியிலேயே வையுங்கள். டப்பா முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள்.

திருச்சி ஐ.சி.யூ.: டப்பா கேட்டால் ஸ்டோரில் இண்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) போடச் சொல்கிறார்கள். வர பத்து நாள். அதுவரை?

மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கையால். மூடியைத் தட்டில் படுக்க வைத்து, ஊசி முனையால் கோரி எடுங்கள். மற்ற கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இது தற்காலிகம்தான். இண்டென்ட் நகலில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குத்து நடந்தால் அந்தத் தாள் பேசும்.

சேலம்: ராத்திரி 40 பேருக்கு நான் ஒருத்தி. எதை முதலில் பார்ப்பது?

முந்தைய ஷிஃப்டிடம் ஓவர் வாங்கும்போதே ஆக்ஸிஜன், ரத்தம் ஏறுகிறவர், பொட்டாசியம் டிரிப், அன்றைக்கு ஆபரேஷன் முடிந்தவர் என நான்கு வகைப் படுக்கை எண்களைத் துண்டுத் தாளில் எழுதுங்கள். முதல் சுற்று அவர்களுக்கு. ரத்தம் ஏற ஆரம்பித்த முதல் 15 நிமிடம் நகராதீர்கள். பொட்டாசியம் ஆம்பியூல் 10 மி.லி.யில் 20 மில்லிஈக்விவலன்ட் (mEq). கலக்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நிற்கும். ஆள் குறைவு என்பதை அன்றைய ரிப்போர்ட் புத்தகத்தில் எண்ணோடு எழுதுங்கள். வாய்வார்த்தை நிற்காது.

வேலூர்: உறவினர்கள் அடிக்க வந்தால்?

கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் ஆளை விடாதீர்கள். செக்யூரிட்டி, பிறகு போலீஸ். தமிழ்நாட்டில் இதற்கென 2008-ல் தனிச் சட்டமே வந்தது. சமரசம் பேசும் முன் புகாரை எழுத்தில் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு எந்தத் தேர்வு?

என் துறை இல்லை. அந்தந்த நாட்டுக் கவுன்சில் தளத்தைப் பாருங்கள், ஏஜென்ட்டை அல்ல.

தஞ்சை: ஊசி குத்தினால் என்ன செய்வது?

முதல் பதில். மேலே போங்கள்.

கடலூர்: சிறுகுழந்தை ஊசிதான், மெல்லியது. அதற்குமா மூடி போடக்கூடாது?

அதற்கும்தான்.