ஏற ஓர் உயரம், இறங்க ஓர் உயரம்

சைக்கிள் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது பன்னிரண்டு வருடப் பழைய அலுமினிய மவுன்டன் பைக். 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் எட்டு. எஸ்டேட் பாதைகளில் இறங்கி, திரும்ப மிதித்து ஏறுவேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் நின்று, சீட்டை இறக்கி, அப்புறம் மறுபடி ஏற்றி... சலித்துவிட்டது. ஓட்டிக்கொண்டே லீவரால் சீட்டை ஏற்றி இறக்கும் டிராப்பர் போஸ்ட் மாட்டலாமா? எந்த அளவு வாங்குவது? பழைய வண்டிக்கு இந்தச் செலவு தேவையா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தேவைதான். கோயம்புத்தூரில் ஓட்டுகிறவருக்குச் சீட்டு ஒரே உயரத்தில் இருந்தால் போதும். உங்களுக்கு அரவேனு தாண்டுவதற்குள் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்துவிடும். ஏறும்போது சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டி போய்விடும். இறங்கும்போது உயர்ந்திருந்தால் உடம்பைப் பின்னுக்குத் தள்ள இடமில்லை, முன் பிரேக்கைப் பிடித்தால் ஆள் தலைக்குப்புற விழுவார். லீவரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் டிராப்பர் இறங்கும், எழுந்து அழுத்தினால் தானே ஏறும். ஒரே ஒரு நிபந்தனை: பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் முதல் செலவு அதற்கு.

இப்போது அளவு. சீட்டைத் தாங்கும் குழாயான உங்கள் பழைய போஸ்ட்டை வெளியே உருவுங்கள். அடிப்பக்கம், ‘இதற்கு மேல் வெளியே இழுக்காதே’ என்று போட்டிருக்கும் கோட்டுக்கு அருகில், விட்டம் பொறித்திருக்கும். 27.2, 30.9, 31.6 மி.மீ. இவற்றில் ஒன்று என்றால் கவலையில்லை, டிராப்பர்கள் பெரும்பாலும் இந்த அளவுகளில்தான் வருகின்றன. எழுத்து அழிந்திருந்தால் வெர்னியர் வைத்து போஸ்ட்டை அளங்கள். ஃபிரேம் குழாயின் வாயை அளக்காதீர்கள். வருடக்கணக்கில் கிளாம்ப் இறுக்கி இறுக்கி அது முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். தையல் டேப்பால் அளந்துவிட்டு ‘ஏறக்குறைய 27’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஆயுள் முழுக்க லேத்தில் நின்ற எனக்கு அந்த ‘ஏறக்குறைய’வைப் பார்த்தாலே தலை சுற்றும். 26.8 ஃபிரேமில் 27.2 போஸ்ட் இறங்காது. வெறும் 0.4 மி.மீ. வித்தியாசம்தான், ஆனாலும் இறங்காது.

28.6, 29.4, 30.0 போன்ற பழைய அளவாக இருந்தால், 27.2 டிராப்பரை வாங்கி இடையில் ஷிம் போடலாம். ஷிம் என்பது நெடுக ஒரு வெட்டு விட்ட அலுமினியக் குழாய். தயாராகவே கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் ஒழுங்கான லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். மேலே சிறு விளிம்பு விட்டுக் கடையச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஷிம் நழுவிக் குழாய்க்குள் போய்விடும். பழைய போஸ்ட் உள்ளே இறங்கி நின்ற நீளமாவது ஷிம்முக்கும் இருக்கட்டும். குளிர்பானக் கேனை வெட்டிச் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டாம்.

சீட்டு எவ்வளவு இறங்கும் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 200 மி.மீ. இறங்கும் போஸ்ட்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். உங்களுக்குச் சரியான மிதிக்கும் உயரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பியின் நடுவிலிருந்து ஃபிரேமின் வாய் வரை அளங்கள். போஸ்ட் இறங்கும் அளவோடு அதன் தலையும் (சீட்டைக் கவ்வும் பகுதி) கழுத்தும் (வெளிக்குழாயின் மேல் வளையம்) சேர்ந்து அந்த நீளத்துக்குள் அடங்க வேண்டும். தலைக்கும் கழுத்துக்கும் சுமார் 40 முதல் 60 மி.மீ. போகும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் அளவு 190 வந்தால் 125 போஸ்ட் தாராளமாகப் பொருந்தும், 150 சந்தேகம். பழைய 26 அங்குல ஃபிரேம்களில் போஸ்ட் இறங்கும் குழாயான சீட் டியூப் நீளமாக இருப்பதால் இந்த இடம் குறைவாகத்தான் கிடைக்கும். 27.2 விட்டத்தில் வருபவை பெரும்பாலும் 100, 125தான், குழாய் ஒல்லியாக இருப்பதால் அதற்குமேல் நீட்டினால் ஆட்டம் கொடுக்கும். தேயிலைக்கு நடுவே போகிற பாதைக்கு 100 மி.மீ. இறங்கினாலே வித்தியாசம் தெரியும்.

குழாயின் உள் ஆழத்தையும் மறக்காதீர்கள். டிராப்பரின் அடிப்பகுதி சாதாரண போஸ்ட்டைவிட நீளம். சீட் டியூப் வளைந்திருந்தால் வளைவில் முட்டும். தண்ணீர் பாட்டில் மாட்டுகிற இரண்டு மரைகள் உள்பக்கம் துருத்திக்கொண்டு கீறும். பழைய போஸ்ட்டையே எவ்வளவு ஆழம் சுலபமாக இறங்குகிறது என்று தள்ளிப் பாருங்கள். நின்ற இடத்தில் சுத்தியலைத் தேடாதீர்கள்.

லீவர் விஷயம். யாரைக் கேட்டாலும் முன்னாலிருக்கும் மூன்று பல்சக்கரத்தைக் கழற்றி எறி, ஒன்று போதும், இடது கை காலியாகும், அங்கே லீவர் வை என்பார்கள். உங்கள் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். முன்னால் 22 பல், பின்னால் 32 பல் என்றால் ஒரு மிதிக்குச் சக்கரம் சுமார் 0.69 சுற்று சுற்றும். முன்னால் 32 ஆக்கினால் முழுதாக ஒரு சுற்று. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பாரம். திரும்பி வரும் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவீர்கள். சின்னப் பல்சக்கரம் இருக்கட்டும். ஹேண்டில் பாரின் மேல்பக்கம் நிற்கும் சிறிய லீவர்கள் கிடைக்கின்றன, இடது கியர் ஷிஃப்டரோடு சண்டை போடாமல் உட்கார்ந்துகொள்ளும். பாரின் பிடி இடம் 22.2 மி.மீ. என்பதால் லீவர் பொருந்துமா என்ற கவலை இல்லை.

ஒரு விஷயம், கேட்காமலே சொல்கிறேன். எஸ்டேட் பாதை என்றால் எஸ்டேட்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விடியற்காலையில் வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நின்றால், சீட்டு மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான்.

கேள்வி: ஐயா, என் ஃபிரேமில் டிராப்பர் லீவரின் கேபிள் உள்ளே போக ஓட்டை இல்லை. சீட் டியூபில் ஒரு ஓட்டை போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: வேண்டாம் தம்பி. மெல்லிய அலுமினியக் குழாயில், பாரம் தாங்கும் இடத்தில் துளை போட்டால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். வெளியே கேபிள் ஓடும் டிராப்பர்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை வாங்குங்கள். அதிலும் இரண்டு வகை. போஸ்ட்டின் தலையில், சீட்டுக்கு அடியில் கேபிள் மாட்டுகிற வகையில், சீட்டு இறங்கும்போது கேபிள் வளைந்து பின்பக்கம் துருத்தும், டயரில் உரசும். கழுத்தில் மாட்டுகிற வகையில் கேபிள் அசையாமல் நிற்கும், கிடைத்தால் அதையே எடுங்கள். ஏற்கெனவே ஓடும் கியர் கேபிளோடு சேர்த்து டை கட்டிவிடலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகு நீளத்தை வெட்டுங்கள்.

கையில் காசு குறைவென்றால் சீட்டுக்கு அடியிலேயே லீவர் உள்ள போஸ்ட்டும் உண்டு. கேபிளே கிடையாது, மாட்டப் பத்து நிமிடம். ஆனால் இறக்கத்தின் நடுவில் ஒரு கையை எடுக்க வேண்டியிருக்கும், அதனால் இறக்கம் தொடங்குமுன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக மாட்டிய டிராப்பர் காலையில் மிக மெதுவாக ஏறுகிறது, சில சமயம் பாதியில் நின்றுவிடுகிறது. உள்ளே சீட்டை ஏற்றி இறக்கும் கார்ட்ரிட்ஜ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: அம்மா, புதுப் போஸ்ட்டில் கார்ட்ரிட்ஜைக் குறை சொல்லுமுன் சீட் கிளாம்ப்பைத் தளர்த்திப் பாருங்கள். பாதிக்குமேல் பழுதுகள் அங்கேயே தீர்ந்துவிடும். சாதாரண போஸ்ட்டை இறுக்குகிற பழக்கத்தில் டிராப்பரையும் இறுக்குகிறார்கள். வெளிக்குழாய் நசுங்கி உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான போஸ்ட்களுக்கு 5, 6 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, சீட்டைக் கையால் திருகினால் திரும்பாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கையால் மடக்கும் க்விக் ரிலீஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு போல்ட் கிளாம்ப் போடுங்கள்.

அது இல்லையென்றால் கேபிளைக் கழற்றிவிட்டு, போஸ்ட்டிலுள்ள விசையை நேரடியாக விரலால் அழுத்துங்கள். அப்போது விருட்டென்று ஏறினால் குற்றம் கேபிளில். கேபிள் தொய்ந்திருக்கும், இல்லை கேபிளின் வெளியுறையான அவுட்டரின் வெட்டிய முனை பிசிறாக இருக்கும்.

காலையில் மட்டும்தான் மெதுவா என்றும் கவனியுங்கள். எண்ணெயில் வேலை செய்யும் போஸ்ட் என்றால் கொடைக்கானல் மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சோம்பலாகத்தான் ஏறும், வெயில் வந்தால் சரியாகிவிடும். மாறாக, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே சீட்டு மெத்தென்று அமுங்கினால் எண்ணெயில் காற்று கலந்துவிட்டது, அப்போது கடைக்காரர் சொல்வது சரி. சீட்டு இறங்கிய நிலையில் வண்டியைச் சீட்டைப் பிடித்துத் தூக்குவதும் தொங்கவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

கேள்வி: இருக்கிற போஸ்ட்டே வெளியே வரமாட்டேன் என்கிறது. ஸ்டீல் ஃபிரேம், அலுமினிய போஸ்ட். மழையில் நின்ற வண்டி.
– வாசகர், கூடலூர்

பதில்: கூடலூர் மழைக்கு இது வருவதுதான். இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து வெள்ளையாகப் பூத்துப் பிடித்துக்கொள்ளும். கிளாம்ப்பை முழுக்கக் கழற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மேல் வாயிலும், பெடல் கிராங்க் சுழலும் நடு அச்சை (பாட்டம் பிராக்கெட்) கழற்றி வண்டியைக் கவிழ்த்துவைத்து அடியிலிருந்தும் விடுங்கள். ஓர் இரவு விட்டு மறுபடி. இழுக்காதீர்கள், திருகுங்கள். போஸ்ட்டின் தலையைக் கனமான வைஸில் கவ்வி, ஃபிரேமையே நெம்புகோலாக்கி மெல்லத் திருப்பினால் ‘டக்’கென்று விடும். போஸ்ட் வீணாகும், போகட்டும். சூடு காட்ட நினைக்காதீர்கள். சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரிந்து இன்னும் இறுகும். ஐஸ் வைத்து போஸ்ட்டைக் குளிரவைத்தால்தான் சுருங்கும்.

எதற்கும் மசியாவிட்டால் போஸ்ட்டை மேலே அறுத்துவிட்டு, ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு நெடுக ஒரு கோடு அறுக்க வேண்டும். ஃபிரேம் குழாயில் பிளேடு படாமல் அறுப்பது பொறுமை வேலை, பழகியவரிடம் கொடுங்கள். காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் வீட்டில் முயலாதீர்கள், கண்ணும் கையும் போகும். அலுமினிய ஃபிரேமில் ஊற்றினால் ஃபிரேமே கரைந்துவிடும். வெளியே எடுத்ததும் குழாயைத் துடைத்து, கிரீஸ் தடவி, அப்புறம் டிராப்பருக்கு அளவெடுங்கள்.

கேள்வி: நான் மேட்டுப்பாளையம் ரோட்டில் ரோடு பைக் மட்டுமே ஓட்டுகிறேன். எனக்கு டிராப்பர் வேண்டுமா?
– வாசகர், வெலிங்டன்

பதில்: 2022இல் இத்தாலியின் மிலான்–சான் ரெமோ சைக்கிள் பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் மாத்தேய் மொகோரிச் ரோடு பைக்கில் டிராப்பர் மாட்டி, கடைசி மேடான போஜியோவின் இறக்கத்தில் மற்றவர்களை விட்டுவிலகி ஜெயித்தார். அவருக்குப் பூட்டிய ரோடு. உங்களுக்கு எதிரே பஸ்ஸும் லாரியும் வரும். வேண்டாம்.