முன்பு விரும்பிப் பார்த்த சீரியலும் சினிமாவும் வயது ஏற ஏறப் பிடிக்காமல் போவது ஏன்? உங்களுக்கும் அப்படி ஆனதா?

கேள்வி கேட்டவர் தனக்கு முப்பத்தெட்டு வயது என்கிறார். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் புதுப் படம், பிக் பாஸ் என்று பேசும்போது தனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது, தன்னிடம்தான் ஏதாவது கோளாறோ என்றும் கேட்டிருக்கிறார்.

எனக்கும் அப்படி ஆனது, நாற்பதைத் தொடுவதற்கு முன்பே. நேரமில்லை, வேலை அதிகம், கையில் மொபைல் வந்துவிட்டது என்று பலரும் காரணம் சொல்வார்கள், என் விஷயத்தில் அது எதுவும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு நேரம் இருக்கிறது. ஹாலில் டிவி ஓடுகிறது, மாமியார் பார்த்துக்கொண்டிருப்பார், நானும் அங்கேயேதான் உட்கார்ந்து மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஆனாலும் மனசு ஒட்டவில்லை. ஏன் என்று யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: அதில் கதையாகக் காட்டுகிறதையெல்லாம் நான் நேரில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், நேரில் பார்ப்பது அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் டிவி பார்க்காமல் வளர்ந்தவள் இல்லை. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் எங்களுக்கு தூர்தர்ஷன் புள்ளி புள்ளியாக இல்லாமல் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம், நடுவில் செய்தி வந்தால்கூட எழுந்திருக்க மாட்டோம், எழுந்தால் இடம் போய்விடும். 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது, அப்புறம் தெருத்தெருவாகக் கேபிள் இழுத்தார்கள். 1999 கடைசியில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கியபோது நான் கல்லூரியில் இருந்தேன், அந்த நேரத்துக்குத் தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் அதே குரல்தான் கேட்கும், மறுநாள் பஸ்ஸில் அதே பேச்சுதான். அவ்வளவு ஆசையாகப் பார்த்தவள் நான்.

இப்போது நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு அறை, கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில், பவர் (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது) என்று எல்லாம் எழுதுகிறேன். தமிழ் சீரியலில் சொத்து இல்லாமல் கதை நகராது என்று உங்களுக்கே தெரியும். வில்லன் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார், இல்லையென்றால் மயங்கிக் கிடக்கும் பெரியவரின் பெருவிரலை மையில் அழுத்தி எடுத்துக்கொள்வார், மறுநாள் காலையில் குடும்பமே பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதிருக்கிறேன். ஆனால் 100 ரூபாய் மதிப்புள்ள நிலத்தை விற்றால்கூடப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. எழுதிக் கொடுப்பவர் ஆபீஸுக்கு வர வேண்டும், போட்டோ, விரல் ரேகை, அடையாள அட்டை, சாட்சிகள் எல்லாம் வேண்டும், படுத்த படுக்கை என்றால் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிவு செய்வதற்கும் வழி இருக்கிறது. வக்கீல் வந்து எல்லோரையும் சோபாவில் உட்கார வைத்து உயிலை உரக்க வாசிக்கிற காட்சி இருக்கிறதே, எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் ஒரு வீட்டிலும் அப்படி நடந்ததில்லை. பீரோவில் துணிக்கு அடியில் இருந்து எடுத்துக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். மோசடியே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. ஆள்மாறாட்டம் நடக்கிறது, பவர் கொடுத்தவர் இறந்த பிறகும் அதே பவரை வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒரே ராத்திரியில் நடப்பதில்லை, மாதக்கணக்கில், ஒவ்வொரு காகிதமாக, பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது. அதை உள்ளபடி யாராவது எடுத்தால் நான் கண் கொட்டாமல் பார்ப்பேன்.

தப்புத் தப்பாகக் காட்டுகிறார்கள் என்பது மட்டும் என் குறை இல்லை. விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு, பொதுச் சொத்தில் தனக்கு உள்ள பங்கை ஒருவர் மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. பெரும்பாலும் அக்கா தங்கைகள்தான் எழுதிக் கொடுப்பார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமப் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலேயே சட்டம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கு அப்புறம்தான் அண்ணன் தம்பிகள் வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போனால் ‘பெண் பிள்ளைகள் கையெழுத்து எங்கே’ என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு அக்கா வந்திருந்தார், அறுபதைத் தாண்டியவர், கூட இரண்டு தம்பிகள். பத்திரமெல்லாம் சரியாக இருந்தது, உள்ளே போனால் ரேகை விழவில்லை. மெஷினில் விரலை வைக்கிறார், எடுக்கச் சொல்கிறார்கள், மறுபடி வைக்கிறார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழவென்று போயிருந்தது. சின்னத் தம்பி, அவருக்கே ஐம்பது வயசு இருக்கும், தோளில் கிடந்த துண்டை நனைத்துக்கொண்டு வந்து அக்காவின் கட்டை விரலைத் துடைத்துவிட்டார். அந்த அம்மா அவரைப் பார்த்து, “நான் தேய்ச்ச பாத்திரம் பூரா உங்க வீட்டுப் பாத்திரம்தான்டா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டும் சொல்லவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட, தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான் என்று பிறகு சொன்னார்கள். வெளியே தம்பி மனைவி நாத்தனாருக்காக இட்லி கட்டி எடுத்து வந்து காத்திருந்தார், சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லோரும் நல்லவர்கள், ஆனாலும் அந்த அக்கா கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “தீபாவளிக்கு வந்தா ஒரு வாரம் இந்த வீட்டுல இருப்பேன்னு அதுல ஒரு வரி போட முடியுமாம்மா?” பத்திரம் பதிவாகி முடிந்துவிட்டது. நான் என்ன சொல்வது?

இதைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தால், டிவியில் ஒரு நாத்தனார் நகையெல்லாம் போட்டுக்கொண்டு பாலில் விஷம் கலக்கிறார். எப்படி ஒட்டும்?

அப்பாவை ஐசியூவில் வைத்திருந்தபோதும் இதே கதைதான். மணிக்கொரு தரம் பேஷண்ட் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், சீட்டை வாங்கிக்கொண்டு ஓடிப்போய் மருந்து வாங்கி வர வேண்டும். ராத்திரி வராந்தாவில் போர்வையை விரித்துப் படுக்க வேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரரின் மகளும் நாமும் ஒரே சார்ஜரைப் பங்கு போட்டுக்கொள்வோம், அந்தப் பெண்ணின் அப்பா போன அன்றைக்கு நாமும் சேர்ந்து அழுவோம். சீரியலில் குடும்பம் மொத்தமும் பட்டுப்புடவையில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். அதற்கு முன்பு எனக்கு அது உறுத்தியதே இல்லை.

சீரியல் எடுக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அந்த அமைப்பில் முடியாது. தூர்தர்ஷனில் தொடர் என்றால் வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் 13 வாரம், முடிவு என்னவென்று தெரிந்து ஆரம்பிக்கலாம். தினசரித் தொடர் வந்த பிறகு அது போய்விட்டது. 2003-இல் தொடங்கிய ‘கோலங்கள்’ 2009 வரை ஓடியது, 1,500 பகுதிகளுக்கு மேல். அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கதைக்கு இருபது நிமிடம் சொச்சம் கிடைக்கும், ஒவ்வொரு நாளும் அந்த இருபது நிமிடத்தின் கடைசியில் யாராவது அதிர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு ஆள் வராது. வியாழக்கிழமைதோறும் ரேட்டிங் வருகிறது, அதில் இறங்கினால் கதை திரும்புகிறது, செத்தவர் பிழைக்கிறார், இல்லாத ஒரு தங்கை வெளிநாட்டிலிருந்து வருகிறாள். ஈரத்துண்டால் அக்காவின் விரலைத் துடைக்கிற ஒரு தம்பிக்கு அதில் இடமே இல்லை, ஏனென்றால் அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாது. தினமும் ஓட வேண்டிய கதைக்குக் கெட்டவர் ஒருவர் நிரந்தரமாகத் தேவை.

சினிமா விஷயத்திலும் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை, ஆனால் அங்கே காரணம் கொஞ்சம் வேறு. முன்பு ஒரு படம் 100 நாள், 25 வாரம் ஓட வேண்டியிருந்தது. அப்படி ஓட வேண்டுமானால் முதல் நாள் விசில் அடிக்கிற கூட்டம் போதாது, மூன்றாவது வாரம் குடும்பத்தோடு வருகிறவர்களும், ஐந்தாவது வாரம் மதினியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருகிறவர்களும் வேண்டும். இப்போது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டரில் போடுகிறார்கள், வெள்ளி, சனி, ஞாயிறு வசூலிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது, நாலு வாரத்தில் பல படங்கள் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அந்த மூன்று நாளில் முண்டியடித்துக்கொண்டு வருகிறவர்களுக்காகத்தான் படம் எடுப்பார்கள், அது இயல்புதான். அதில் நாற்பது வயதுப் பெண்ணுக்கு என்ன இருக்கப் போகிறது? ஹீரோ நடந்து வருவதற்கே ஐந்து நிமிடம், காது கிழிகிற மாதிரி மியூசிக், கத்தியும் ரத்தமும். என் மகனுக்குப் பிடிக்கிறது, அவன் வயதுக்கு அது சரி.

ஆனால் ‘நானெல்லாம் டிவியே பார்ப்பதில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. என் மாமியாருக்கு முட்டி வலி, வெளியே போக முடியாது, கூடப் பேசின தோழிகளில் பாதிப்பேர் இல்லை. ஒருநாள் நான், “அத்தே, எப்படி இதை நம்புறீங்க?” என்று கேட்டேன். “கதைன்னு எனக்குத் தெரியாதா? தினம் இதே நேரத்துக்கு நம்ம வீட்டுக்கு வர்றாங்க, வேற யாரு வர்றா?” என்றார். அதற்கு அப்புறம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குக் கதை முக்கியமில்லை, அந்த முகங்கள் வேண்டும். எனக்கு நாள் முழுக்க மனிதர்கள் வந்து போகிறார்கள், அதனால் அந்த முகங்கள் தேவைப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி கேட்டவருக்கு: கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சினிமா, சீரியல் மட்டும்தான் பிடிக்கவில்லையா, இல்லை சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளோடு பேசுவது, முன்பு ஆசையாகச் செய்த எதுவுமே பிடிக்கவில்லையா? இரண்டாவது என்றால் அது வேறு, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கத்தின் டெலிமானஸ் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதலாவது மட்டும் என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

மதியச் சாப்பாட்டுப் பேச்சுக்கு வருகிறேன். அவர்கள் பேசும் படத்தை நீங்கள் பார்த்திருக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் பெண் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தான் பார்த்த படத்தைச் சொல்வாள், நான் கதையைக் கேட்க மாட்டேன், ‘உனக்கு எந்த இடத்துல அழுகை வந்துச்சு?’ என்று மட்டும் கேட்பேன். அப்படிக் கேட்டால் படத்தை விட்டுவிட்டு அவள் தன் அம்மாவைப் பற்றி, நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அதைக் கேட்க எனக்கு எத்தனை மணி நேரமும் இருக்கிறது.

அப்புறம், ஆர்வம் ஒரேயடியாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. சில வருடங்களாக ஓடிடியில் மலையாளப் படங்கள் பார்க்கிறேன், கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிலதில் போலீஸ் ஸ்டேஷன் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது, ரைட்டர் நிஜமாகவே உட்கார்ந்து எழுதுகிறார், சமையல்கட்டில் நிற்கிற பெண்ணுக்குக் கை ஈரமாக இருக்கிறது. அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் நடுவில் எழுந்திருக்காமல் பார்த்து முடிக்கிறேன். தமிழிலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது, அதிகமாகச் சின்னப் படங்கள், எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடுவதில்லை. அதனால் அப்படி ஒன்று வந்தால் இப்போதெல்லாம் சனிக்கிழமையே போய்விடுகிறேன்.