மரம் நட்டாயிற்று, அடுத்து என்ன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரச் சுற்றுச்சூழல் மன்றம் நடத்துகிறேன். மரம் நட்டோம், சுவரொட்டி எழுதினோம். இப்போது பாதிப் பேர் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சுவரொட்டி ஒட்டியதோடு வேலை முடிந்துவிடுகிறது, அடுத்த வாரம் எதற்கு வர வேண்டும்? அளந்து பார்க்கக்கூடிய ஒரே ஒரு வேலையைக் கையில் எடுங்கள். சாப்பாட்டு மிச்சம் அதற்கு வசதி. தொடர்ந்து ஐந்து பள்ளி நாள், உணவு இடைவேளை முடிந்ததும் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டி, உணவு, காகிதம், பிளாஸ்டிக், மற்றவை என்று பிரித்துத் தராசில் நிறுக்கட்டும். கையுறை கட்டாயம். வாளியின் எடையைக் கழிக்க மறப்பதுதான் வழக்கமான சறுக்கல். மொத்த எடையை அன்று வந்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு இத்தனை கிராம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் விடுப்பு எடுத்த நாளை வெற்றி என்று கொண்டாடிவிடுவீர்கள்! பிறகு ஒரு மாற்றம் மட்டும்: முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி வைப்பது. ஆறு வாரம் கழித்து மீண்டும் ஐந்து நாள் நிறுவை.

கேள்வி: ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் ஓராண்டில் தொட்டாக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2015-இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியலில் 12-ஆம் இலக்கின் உட்பிரிவான 12.3 ஒன்றே போதும். கடைகளிலும் நுகர்வோரிடமும் வீணாகும் உணவை, தலைக்கணக்கில், 2030-க்குள் பாதியாக்கச் சொல்கிறது அது. உங்கள் தராசு அளப்பதும் அதைத்தான்.

கேள்வி: மன்றத்தின் உரத்தொட்டி நாறுகிறது. தலைமையாசிரியர் மூடச் சொல்கிறார்.

பதில்: என்ன நாற்றம் என்று முதலில் பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஈரம் மிகுந்து காற்று புகவில்லை. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் நைட்ரஜன் அதிகம். இரண்டுக்கும் கைமருந்து சருகுதான்: ஒரு வாளி உணவுக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு போட்டு, அடிவரை கிளறிவிடுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம்; ஒழுகினால் இன்னும் சருகு வேண்டும். இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் போட்டால் எலி வரும். குவியல் நீள அகல உயரத்தில் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் சரியாகச் சூடேறாது, மக்க நாளாகும். நீண்ட விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பே உணவு போடுவதை நிறுத்தி, மேலே ஒரு சாண் சருகு பரப்பிவிடுங்கள்.