வருடம் முழுக்க லோகோ வேலை, கையில் மிச்சமில்லை

அடுத்த வருடம் எத்தனை கஸ்டமர் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கஸ்டமரைக் கூட்டாதீர்கள், அவர்கள் கேட்கும் திருத்தத்தைக் குறையுங்கள்.

காசு பெரும்பாலும் கரைவது அங்கேதான். 30,000 ரூபா லோகோ 10 மணித்தியாலத்தில் முடிந்தால் மணிக்கு 3,000. "இன்னும் கொஞ்சம் பெருசா" என்று இழுபட்டு 25 மணித்தியாலம் ஆனால், வெறும் 1,200.

வாட்ஸ்அப்பில் கடைசி ஐந்து வேலைகளின் திருத்தங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு வேலைக்கு மூன்றைத் தாண்டினால் புதுவருடக் குறிக்கோள் இதுவே போதும்: இரண்டு திருத்தம் விலைக்குள், அதற்கு மேல் தனிக் கட்டணம், 50 வீதம் முற்பணம். கொட்டேஷனிலேயே எழுதுங்கள், பிறகு வாயால் சொன்னால் சண்டைதான்.

வரிக் கணக்கை மட்டும் டிசம்பரோடு மூடாதீர்கள். இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை; ஜனவரியில் கஸ்டமர் தரும் பாக்கியும் அதற்குள்தான்.